தூக்குமரத்திலிருந்து நாற்பத்தாறு வரை

அலுவலக மேசையில் இருக்கும் ஐபி போனில் ஒருவர் பேசிக்கொண்டிருக்கிறார். அதே கேபிளில் அவருடைய கணினி ஒரு பெரிய பேக்கப்பை சர்வருக்குத் தள்ளிக்கொண்டிருக்கிறது. ஆனாலும் குரல் உடையவில்லை. அந்தக் குரலைச் சுமந்து போகும் ஒவ்வொரு பாக்கெட்டின் நெற்றியிலும் 46 என்ற எண் எழுதியிருக்கிறது. ஸ்விட்ச் அதைப் பார்த்ததும் மற்றவற்றைக் காக்கவைத்துவிட்டு அதை முதலில் அனுப்புகிறது. நெட்வொர்க் வேலையில் இருப்பவர்கள் இந்த ஏற்பாட்டை க்யூஓஎஸ் என்பார்கள். ஸ்விட்சில் அதை கான்ஃபிகர் செய்பவர்களுக்கு 46ம் 5ம் மனப்பாடம். ஏன் 46, ஏன் 5 என்று கேட்டால் ‘ஸ்டாண்டர்டு அப்படி’ என்ற பதில்தான் பெரும்பாலும் வரும். அந்த ஸ்டாண்டர்டுக்குப் பின்னால் குதிரை அஞ்சல்காரர்களும், சவ அடக்கத் தொழில் செய்த ஒருவரும், பனிப்போர்க் காலத்துத் தளபதிகளும் நிற்கிறார்கள்.

16ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் அரச அஞ்சல் குதிரை மாற்றிக் குதிரையாகப் போகும். அவசரக் கடிதமென்றால் உறையின் மேலேயே ‘விரைந்து போ, விரைந்து போ, உயிர் மேல் ஆசை இருந்தால் விரைந்து போ’ என்ற பொருளில் எழுதியிருப்பார்கள். சில உறைகளில் கூடவே ஒரு தூக்குமரத்தையும் வரைந்துவிடுவார்கள். எழுத்தறியாத குதிரைக்காரனுக்கும் அது புரியும். குறி உறைக்கு வெளியே இருக்கிறது. இடையில் கைமாற்றுபவர் கடிதத்தைப் பிரிக்காமலே அதைப் படித்துவிடலாம். அந்தக் குறியை மதிக்காவிட்டால் என்ன ஆகும் என்பதும் அவருக்குத் தெரியும். இந்த மூன்றில் முதல் இரண்டும் இன்றைய பாக்கெட்டில் அப்படியே இருக்கின்றன. மூன்றாவதற்குத்தான் உலகம் இன்னும் வழி தேடிக்கொண்டிருக்கிறது.

தந்தி வந்ததும் பிரச்சினை வேறு உருவம் எடுத்தது. குதிரைகளைக் கூட்டலாம், கம்பி ஒன்றுதான். அதில் ஒரு நேரத்தில் ஒரு செய்திதான் போகும். 1865இல் பாரிஸில் 20 ஐரோப்பிய நாடுகள் கூடி சர்வதேசத் தந்தி ஒப்பந்தம் செய்தபோது, வரிசையில் யார் முதலில் என்பதையும் எழுதிவைத்தார்கள். அரசுச் செய்தி முதலில், தந்தித் துறையின் சொந்தச் செய்தி அடுத்து, பொதுமக்களின் செய்தி கடைசியில். பின்னாளில் வணிகர்கள் காசு கொடுத்தாவது முந்த வேண்டுமென்று விரும்ப, கூடுதல் கட்டணத்தில் ‘அவசரத் தந்தி’ பிறந்தது. இப்படிப் பதவியால் முந்துவது, பணத்தால் முந்துவது என்ற இரண்டு வழிகளும் தந்திக் காலத்திலேயே வந்துவிட்டன. நம் ஊரிலும் எக்ஸ்பிரஸ் தந்தி என்று தனிக் கட்டணம் இருந்தது. டிரங்க் கால் புக் செய்துவிட்டுக் காத்திருந்த தலைமுறைக்கு ஆர்டினரி, அர்ஜென்ட், லைட்னிங் என்ற மூன்று சொற்களும் மறந்திருக்காது. அவை மூன்றும் க்யூஓஎஸ் வகுப்புகள்தான்.

வரிசையை நடத்துபவரை எந்த அளவுக்கு நம்பலாம் என்ற கேள்வியை முதலில் பொறியியலாக மாற்றியவர் அமெரிக்காவின் கான்சாஸ் சிட்டியில் சவ அடக்கத் தொழில் செய்துவந்த அல்மன் ஸ்ட்ரௌஜர். போட்டிக் கடைக்காரரின் மனைவி டெலிபோன் ஆபரேட்டராக இருந்தார், தனக்கு வரவேண்டிய அழைப்புகளை அவர் தன் வீட்டுக் கடைக்கே திருப்பிவிட்டார் என்று ஸ்ட்ரௌஜர் சந்தேகப்பட்டதாகக் கதை சொல்வார்கள். கதை எவ்வளவு உண்மையோ, காப்புரிமை உண்மை: 1891இல் தானியங்கி ஸ்விட்சுக்கு அவர் பெயரில் அது வழங்கப்பட்டது. அடுத்த ஆண்டே இண்டியானாவின் லா போர்ட்டே ஊரில் அது ஓடத் தொடங்கியது.

ஸ்விட்சுகள் பெருகியதும் எத்தனை பேருக்கு எத்தனை கம்பி போட்டால் போதும் என்ற கணக்கு தேவைப்பட்டது. அதைப் போட்டவர் டென்மார்க்கைச் சேர்ந்த அக்னர் கிராரப் எர்லாங். கோபன்ஹேகன் டெலிபோன் கம்பெனியின் தலைமைப் பொறியாளர் யோஹான் யென்சன் அவரை வேலைக்கு இழுத்தார். கணிதம் படித்தவர்கள் யென்சன் சமனின்மை என்று தேர்வுக்குப் படித்தார்களே, அதே யென்சன். 1909இல் எர்லாங் வெளியிட்ட கட்டுரை, அழைப்புகள் ஒழுங்கில்லாமல் வந்தாலும் அந்த ஒழுங்கின்மைக்கு ஒரு கணக்கு உண்டு என்று காட்டியது. 1917இல் வந்த அவருடைய சூத்திரங்கள் இன்றும் கால் சென்டர்களில் ஆள் கணக்குப் போடப் பயன்படுகின்றன. எர்லாங் அறைக்குள் இருந்து கணக்கு மட்டும் போட்டவரல்லர். ஏணி சுமக்கும் ஒரு தொழிலாளியோடு கோபன்ஹேகன் தெருக்களின் மேன்ஹோல்களில் இறங்கிக் கேபிள்களை அளந்தவர். பாதை நிரம்ப நிரம்பக் காத்திருப்பு சீராக அதிகரிக்காது, கடைசியில் செங்குத்தாக ஏறும் என்பது அந்தக் கணிதத்திலிருந்து கிடைத்த பாடம். நெரிசலே இல்லாத லிங்கில் க்யூஓஎஸ்ஸுக்கு வேலையில்லை, நிரம்பும் தறுவாயில் இருக்கும் லிங்கில் அது உயிர்காக்கும் என்பதற்கு அடிப்படை இதுதான்.

குறி இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு 1941 டிசம்பர் 7 சாட்சி. ஜப்பான் இறுதி எச்சரிக்கைக்கு ஒப்பான ஒன்றைக் கொடுக்கப்போகிறது, விழிப்போடு இருங்கள் என்று வாஷிங்டனிலிருந்து ராணுவத் தலைமைத் தளபதி ஜெனரல் மார்ஷல் ஹவாய்க்கு எச்சரிக்கை அனுப்பினார். அன்று காலை ராணுவ ரேடியோ ஹொனலூலுவோடு இணையவில்லை. செய்தி வெஸ்டர்ன் யூனியன் வழியாகவும் ஆர்சிஏ வழியாகவும் சாதாரண வணிகத் தந்தியாகப் போனது. உள்ளூர் நேரம் காலை 7:33க்கு ஹொனலூலு அலுவலகத்தை அடைந்துவிட்டது. உறையில் முன்னுரிமைக் குறி ஏதும் இல்லை. அதனால் அது மற்ற தந்திகளோடு சேர்ந்து, மோட்டார் சைக்கிளில் போகும் ஊழியரின் பையில் தன் முறைக்குக் காத்திருந்தது. ராணுவத் தலைமையகத்தை அது எட்டியபோது நண்பகலாகிவிட்டது. பேர்ல் ஹார்பர் அதற்குள் எரிந்துகொண்டிருந்தது.

போருக்குப் பிந்தைய அமெரிக்க ராணுவம் முன்னுரிமையை எவ்வளவு தீவிரமாக எடுத்துக்கொண்டது என்பதை 1960களில் எழுந்த ஆட்டோவான் தொலைபேசி வலையமைப்பில் பார்க்கலாம். அதன் போன்களில் நம் போன்களில் இல்லாத நான்காவது நெடுவரிசை ஒன்று இருந்தது. அதில் நான்கு பொத்தான்கள்: பிரையாரிட்டி, இமீடியட், ஃப்ளாஷ், எல்லாவற்றுக்கும் மேலாக ஃப்ளாஷ் ஓவர்ரைடு. எதையும் அழுத்தாவிட்டால் அழைப்பு ‘ரொட்டீன்’. லைன் காலியில்லை என்றால் உயர்ந்த அழைப்பு தாழ்ந்த அழைப்பைப் பேச்சின் நடுவிலேயே வெட்டிவிட்டு உள்ளே நுழையும். வீட்டு போன்கள் அந்த நெடுவரிசையை விட்டுவிட்டாலும் அதற்கான ஒலிகள் இன்றுவரை டயல் ஒலித் தரத்தில் இருக்கின்றன.

அதே காலத்தில், அணுகுண்டு விழுந்தாலும் அறுந்துபோகாத வலையமைப்பு ஒன்றை ரேண்ட் நிறுவனத்தில் பால் பாரன் வரைந்துகொண்டிருந்தார். செய்தியைத் துண்டாக்கி அனுப்பும் யோசனைக்காக அவரைக் கொண்டாடுகிறோம். 1964இல் வந்த அவருடைய அறிக்கைத் தொகுதிகளில் நான்காவது முழுக்க முழுக்க முன்னுரிமையையும் அதிகச் சுமையையும் பற்றியது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. இணையம் கட்டப்படுவதற்கு முன்பே அதன் நெரிசலைப் பற்றி ஒருவர் ஒரு தொகுதி எழுதிவிட்டார்.

எனவே 1981 செப்டம்பரில் ஆர்எஃப்சி 791 என்ற இணையத் தர ஆவணம் வெளியாகி ஐபி பாக்கெட்டின் வடிவம் முடிவானபோது, அதில் முன்னுரிமைக்கு 3 பிட் ஒதுக்கியதில் வியப்பில்லை. பணம் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையுடையது. பெயர்களும் அங்கிருந்தே வந்தன. 0 ரொட்டீன், 1 பிரையாரிட்டி, 2 இமீடியட், 3 ஃப்ளாஷ், 4 ஃப்ளாஷ் ஓவர்ரைடு. அதற்கும் மேலே 5 என்ற இடத்தில் ‘கிரிட்டிக்’. உளவுத்துறையின் மிக அவசரச் செய்திகளுக்கான முத்திரையின் பெயர் அது. 6ம் 7ம் வலையமைப்பே தன்னை நடத்திக்கொள்ள. அந்த 5ஐ நினைவில் வையுங்கள்.

ராணுவத்தின் முத்திரைகள் பல்கலைக்கழகங்களின் கைக்கு வந்ததும் செல்லாக்காசாயின. ராணுவத்தில் ஃப்ளாஷ் பொத்தானை வீணாக அழுத்தினால் மேலதிகாரி கேட்பார். இணையத்தில் யார் வேண்டுமானாலும் தன் பாக்கெட்டில் எதை வேண்டுமானாலும் எழுதலாம், கேட்க ஆளில்லை. ரவுட்டர்கள் அந்த பிட்களைப் பெரும்பாலும் பார்க்காமலே கடந்தன. 1986 அக்டோபரில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் சில நூறு கஜ தூரத்தில் இருந்த பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கும் இடையே வேகம் விநாடிக்கு 32,000 பிட்டிலிருந்து 40 பிட்டுக்கு விழுந்தது. வான் ஜேகப்சன் அதற்குக் கண்ட மருந்து அனுப்புபவரையே அடக்கிவைப்பது. இன்றும் ஒவ்வொரு டிசிபி இணைப்பிலும் அந்த அடக்கம் இருக்கிறது. கிட்டத்தட்ட அதே சமயம், 56 கிலோபிட் இணைப்புகளில் திணறிக்கொண்டிருந்த என்எஸ்எஃப்நெட் என்ற அமெரிக்க ஆய்வு வலையமைப்பில் நிர்வாகிகள் வேறொன்றைச் செய்தார்கள். திரையில் தட்டச்சு செய்பவரின் எழுத்துகளைக் கோப்புகளுக்கு முன்னால் போகவிட்டார்கள். அதைப் பறைசாற்றவில்லை. தெரிந்தால் எல்லோரும் தங்கள் கோப்புக்கும் அதே வேடத்தைப் போட்டுவிடுவார்கள் அல்லவா? அந்த மௌனத்தை நான் குறைசொல்ல மாட்டேன். நம்பிக்கைக்கு வழியில்லாத இடத்தில் ரகசியம் ஒரு தற்காலிகத் தீர்வு.

குறியையே நம்பாமல் நியாயம் செய்ய முடியுமா? முடியும் என்றார் ஜான் நேகிள். 1985இல் அவர் எழுதிய ஆர்எஃப்சி 970, ஒவ்வொரு அனுப்புநருக்கும் தனி வரிசை வைத்து முறைவைத்து எடுக்கலாம் என்றது. பேராசைக்காரர் அதிகம் அனுப்பினால் அவருடைய வரிசைதான் நீளும். பக்கத்து வரிசைக்குப் பாதிப்பில்லை. 1989இல் டெமர்ஸ், கேசவ், ஷென்கர் மூவரும் பாக்கெட்டின் நீளத்தையும் கணக்கில் சேர்த்து அதைக் கூர்தீட்டினார்கள். ஆனால் அந்தக் கணக்கு அதிவேக ரவுட்டர்களுக்குச் சுமையாக இருந்தது. 1995இல் ஸ்ரீதரும் ஜார்ஜ் வர்கீஸும் ‘டெஃபிசிட் ரவுண்ட் ராபின்’ என்ற எளிய வழியைக் கொடுத்தார்கள். இந்த முறை ஒரு வரிசைக்குக் கிடைக்காத பங்கைக் கணக்கில் எழுதிவைத்து, அடுத்த முறை சேர்த்துக் கொடுத்துவிடுவது. பாக்கெட்டுக்கு ஆகும் வேலை மிகக் குறைவு என்பதால் சிலிக்கான் சில்லில் அது சுலபமாக ஏறியது. ஸ்விட்ச் கையேடுகளில் இன்று டிடபிள்யூஆர்ஆர் என்று பார்க்கிறீர்களே, அது இந்த வம்சம்.

டெலிபோன் கம்பெனிகள் வேறு கனவில் இருந்தன. குரல், படம், தரவு மூன்றையும் ஒரே சீரான சிறு துண்டுகளாக்கி, ஒவ்வொன்றுக்கும் முன்கூட்டியே தரம் உறுதிசெய்யும் ஏடிஎம் என்ற தொழில்நுட்பம் அது. துண்டின் அளவில் தகராறு வந்தது. அமெரிக்கர்கள் 64 பைட் கேட்டார்கள். நாட்டுக்குள் எதிரொலியை அடக்கும் கருவி வாங்காமல் தப்பிக்க நினைத்த பிரான்ஸ் தரப்பு 32 கேட்டது. நடுவில் 48 என்று சமரசம் செய்து, முகவரிக்கு 5 சேர்த்து 53 ஆக்கினார்கள். பகா எண்ணான 53 எந்தக் கணினிப் பொறியாளருக்கும் பிடித்த அளவல்ல. ஏடிஎம் மேசைக் கணினிகளில் பரவவேயில்லை. போலீசிங், ஷேப்பிங், சேவை வகுப்பு என்ற அதன் மொழி மட்டும் தப்பிப் பிழைத்து ஈதர்நெட்டுக்குக் குடிபெயர்ந்தது.

ஆனால் ஈதர்நெட்டுக்குத் தொடக்கத்தில் முன்னுரிமை என்பதே தெரியாது. 1973இல் ஜெராக்ஸின் பார்க் ஆய்வகத்தில் பாப் மெட்காஃப் அதை வடித்தபோது, ஹவாய்த் தீவுகளை ரேடியோவால் இணைத்த அலோஹாநெட்டிலிருந்து அவர் எடுத்துக்கொண்ட விதி எளிமையானது: பேச நினைப்பவர் பேசட்டும், மோதினால் சற்று நிறுத்தி மறுபடி பேசட்டும். ஐபிஎம்மின் டோக்கன் ரிங்கில் எட்டுப் படி முன்னுரிமை இருந்தது, விலையும் அதிகமாக இருந்தது. சந்தை மலிவான ஈதர்நெட்டைத் தேர்ந்தெடுத்தது. 1990இல், வினோத் பரத்வாஜ் இன்னொருவரோடு சேர்ந்து தொடங்கிய கல்பனா என்ற சிறு நிறுவனம் ஏழு போர்ட் கொண்ட ஈதர்ஸ்விட்சை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 1994இல் சிஸ்கோ அந்த நிறுவனத்தை வாங்கிவிட்டது. கல்பனாவின் பெட்டி செய்த பெரிய மாற்றம் வேகம் மட்டுமன்று. அதற்கு முன்னால் நெரிசல் கேபிளில் நடந்தது. ஸ்விட்ச் வந்த பிறகு அது வெளியேறும் போர்ட்டின் நினைவகத்துக்குள் இடம் மாறியது. நினைவகத்தில் வரிசை இருக்கிறது, வரிசை இருந்தால் அதை மாற்றி அடுக்கலாம். ஈதர்நெட்டில் க்யூஓஎஸ் குடியேற வீடு கிடைத்த கணம் அது.

குறி எழுத இடம்தான் இல்லை. ஈதர்நெட்டின் பாக்கெட்டான பிரேமில் ஒரு பிட்கூடக் காலியில்லை. இடம் கிடைத்தது வேறொரு காரியத்தின் தயவில். ஒரே ஸ்விட்சை விலான் என்ற தனித்தனி வலைகளாகப் பிரிக்க ஐட்ரிபிள்இ குழு 802.1க்யூ என்ற 4 பைட் சீட்டை வடித்துக்கொண்டிருந்தது. விலான் எண்ணுக்கு 12 பிட் போக, 3 பிட்டை முன்னுரிமைக்கு ஒதுக்கினார்கள். 1998இல் தரம் வெளியானது. பிரேமின் உச்ச அளவு 1518 பைட்டிலிருந்து 1522 ஆனது. விலானே வேண்டாதவர் முன்னுரிமை மட்டும் எழுத நினைத்தால், விலான் எண் 0 என்று போட்டு அதே சீட்டை ஒட்ட வேண்டும். இன்னொரு விசித்திரமும் அங்கே ஒட்டிக்கொண்டது. எதுவும் எழுதாத பிரேமின் மதிப்பு 0. அதற்கும் கீழே, பின்னணி வேலைகளுக்கு ஒரு படி தேவைப்பட்டது. 0க்குக் கீழே எண் கிடையாது என்பதால் 1ஐக் கொடுத்தார்கள். இன்றும் 802.1 தரத்தில் 1 என்பது 0க்குத் தாழ்ந்தது.

அதே 1998 டிசம்பரில் ஐபி உலகமும் அந்த 3 முன்னுரிமை பிட்கள் அடங்கிய தன் பழைய எட்டு பிட்டைத் தூசிதட்டி எடுத்தது. ஒவ்வொரு உரையாடலுக்கும் வழியெங்கும் பேண்ட்வித்தை முன்பதிவு செய்யும் ஆர்எஸ்விபி முறை பெரிய வலையமைப்புகளில் தாங்காது என்று அதற்குள் தெரிந்துவிட்டது. அதற்கு மாற்றாக வந்தது டிஃப்செர்வ்: பாக்கெட்டில் டிஎஸ்சிபி என்ற 6 பிட் வகுப்பு எண் மட்டும், முன்பதிவு கிடையாது. பழைய ரவுட்டர்களுக்கும் புரிய வேண்டும் என்பதால் முதல் மூன்று பிட்டின் பழைய வரிசை காப்பாற்றப்பட்டது. 1999இல் தாமதம் பொறுக்காத டிராபிக்குக்கு 101110 என்ற குறி பரிந்துரைக்கப்பட்டது. பதின்ம எண்ணில் அது 46. முதல் மூன்று பிட் 101, அதாவது 5. உளவுத்துறையின் கிரிட்டிக் இருந்த அதே இடத்தில் இன்று ‘சாப்பிட்டாச்சா?’ என்று வீட்டுக்குக் கேட்கும் குரல் உட்கார்ந்திருக்கிறது.

எதிர்த்திசையிலும் ஒரு பயணம் நடந்தது. ராணுவம் ‘பிரையாரிட்டி’ என்ற பெயரிட்ட 001, டிஃப்செர்வில் 8 ஆனது. இன்டர்நெட்2 ஆய்வு வலையமைப்பு அதைத் தன் ‘ஸ்காவெஞ்சர்’ வகுப்புக்கு எடுத்துக்கொண்டது: மிச்சம் இருந்தால் மட்டும் போகும் டிராபிக். உயர்வைக் குறித்த முத்திரை தாழ்வைக் குறிக்கத் தொடங்கியது. சில கருவிகள் பழைய பொருளிலேயே அதை முன்னால் அனுப்பிவிடக்கூடும் என்பதால், 2019இல் ஆர்எஃப்சி 8622 அந்த வகுப்புக்கு 1 என்ற புது எண்ணைக் கொடுத்தது.

இன்டர்நெட்2 குழு உயர்தர சேவையையும் நாடு முழுக்க நீட்டிப் பார்த்தது. அது கைகூடவில்லை; ஏன் கைகூடவில்லை, இனியும் ஏன் கைகூடாமல் போகலாம் என்று டைட்டல்பாமும் ஷலூனோவும் 2002இல் ஒளிவுமறைவில்லாமல் எழுதினார்கள். வழியில் உள்ள எல்லா நிறுவனங்களும் ஒருவர் போட்ட குறியை மற்றவர் நம்ப வேண்டும், எல்லைதோறும் சரிபார்க்க வேண்டும். ஒருவர் விட்டாலும் பயனில்லை. 2003இல் டிம் வூ நெட் நியூட்ராலிட்டி விவாதத்தைத் தொடங்கியபோது, ஸ்ட்ரௌஜரின் பழைய புகார்தான் சட்டமொழியில் திரும்பி வந்தது: வரிசையை நடத்துபவர் தன் ஆளை முன்னால் விட்டால்? பொது இணையத்தில் 46 இன்றும் பெரும்பாலும் எல்லையைத் தாண்டுவதில்லை.

உங்கள் அலுவலக ஸ்விட்சில் அது பிழைத்திருப்பதற்குக் காரணம், குறியை எழுதுபவரும் மதிப்பவரும் ஒரே நிர்வாகியின் ஆளுகைக்குள் இருப்பதே. க்யூஓஎஸ் கட்டளைகளில் ‘டிரஸ்ட்’ என்று ஒன்று இருப்பது தற்செயலன்று. போனும் கணினியும் ஒரே போர்ட்டில் வருகின்றன. போன் தன் குரல் விலானில் 5 என்று எழுதி அனுப்புகிறது. அதை நம்பு, கணினி எதை எழுதினாலும் 0 ஆக்கு என்று ஸ்விட்சுக்குச் சொல்ல வேண்டும். குரலுக்கு உச்ச வரிசை கொடுப்பதால் மற்றவர்களுக்கு நட்டமில்லை. ஜி.711 முறையில் ஓர் உரையாடல் விநாடிக்கு 50 சிறு பாக்கெட். ஈதர்நெட்டில் 90 கிலோபிட்டுக்கும் குறைவு. ஆனால் 100 மெகாபிட் போர்ட்டில் ஒரு மெகாபைட் பேக்கப் டிராபிக் முன்னால் நின்றாலே குரல் 80 மில்லிவிநாடி காத்திருக்கும். ஒருவழித் தாமதம் மொத்தமும் 150க்குள் இருக்க வேண்டும் என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியமான ஐடியுவின் பரிந்துரை.

அந்த உச்ச வரிசைக்கு ஓர் ஆபத்து உண்டு. சிறப்பு தரிசனச் சீட்டை எல்லோருக்கும் கொடுத்துவிட்டால் தர்ம தரிசனம் நகராது. சிறப்பு வரிசையும் சிறப்பாக இருக்காது. வீடியோ கூட்டம், இயக்குநரின் லேப்டாப், ஈஆர்பி என்று ஒவ்வொன்றாக அதில் சேர்த்துக்கொண்டே போகும் கான்ஃபிகரேஷன்கள் ஏராளம். அது க்யூஓஎஸ்ஸைக் கொல்லும் வழி. உச்ச வரிசை குரலுக்கு மட்டும். அதற்கும் ஒரு வரம்பு.

இன்னும் ஒரு பொறி இருக்கிறது, சிஸ்கோவின் பழைய கேட்டலிஸ்ட் 2960, 3560, 3750 ஸ்விட்சுகளை வைத்திருப்பவர்களுக்கு. அவற்றில் ‘எம்எல்எஸ் க்யூஓஎஸ்’ என்ற ஒரு வரியைத் தட்டியதும், நம்பச் சொல்லாத போர்ட்களில் வரும் எல்லாக் குறிகளும் 0 ஆகிவிடும். டிரஸ்ட் வரியைச் சேர்க்காமல் அதோடு நிறுத்திவிட்டால் குரல் முன்பைவிட மோசமாகலாம். போர்ட்டை, காஸ் எனப்படும் 802.1 குறியை நம்பச் சொன்னாலும் வேலை முடிந்துவிடாது. அந்த ஸ்விட்ச் 5ஐ டிஎஸ்சிபியாக மாற்றும்போது, எட்டால் பெருக்கி 40 என்று எழுதும். வழியிலுள்ள ரவுட்டர் 46க்காகக் காத்திருக்கும். 40ஐ அதற்கு அடையாளம் தெரியாமல் போகலாம். உங்கள் பொறுப்பில் அப்படியொரு ஸ்விட்ச் இருந்தால், அதன் காஸ்–டிஎஸ்சிபி மேப்பை ஒருமுறை திறந்து பாருங்கள். ஆறாவது இடத்தில் 40 இருந்தால் அதை 46 என்று மாற்றிவிடுங்கள்.